ஒரே தொட்டியில் ஆண் பல்லியும் பெண் பல்லியும்... பெரிதானதும் பிரிக்க வேண்டுமா?

பல்லி என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது காலண்டரில் இருக்கும் 'பல்லி விழும் பலன்'. மீதிப் பேருக்கு ட்யூப் லைட். இந்த வாரம் பல்லி பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், எங்கள் டெஸ்க்கில் இரண்டு பேர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஆனால், வெளிநாட்டில் குடியேறிய நம் வீடுகளில் "நாய் வேண்டாம்னா பல்லியாவது வாங்கிக் கொடும்மா" என்று பிள்ளைகள் கேட்கிற காலம் இது. அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் இந்த வாரக் கேள்வி.

அமெரிக்காவின் டெக்ஸாஸில் இருக்கும் வாசகி அவர். 10 வயது மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு லெப்பர்டு கெக்கோ குட்டிகளை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெயர்: மிளகு, மாங்கா. கடையில் 'இரண்டும் பெண், ஒரே தொட்டியில் விடலாம்' என்றார்களாம். பத்து மாதங்கள் பிரச்னை இல்லை. ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கும், அதைப் படம் எடுத்து பாட்டிக்கு அனுப்புவார்கள். இப்போது சில நாள்களாக மிளகு, வால் நுனியைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு மாங்காவின் பின்னால் போகிறது. கழுத்தைக் கடிக்கிறது. மாங்காவின் கழுத்தில் ஒரு காயம். 'பிரித்துவிடலாமா என்றால் மகள் அழுகிறாள். தனியாக வைத்தால் ஏங்கிப் போய்விடும் என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்' என்று முடித்திருந்தார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்துவிடுங்கள். வார இறுதிவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே. புதுத் தொட்டி வரும்வரை காற்றுத்துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். உள்ளே கிச்சன் டிஷ்யூ விரித்து, ஒரு மறைவிடமும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து, ஒரு பக்கம் மட்டும் சூடு கிடைக்கும்படி செய்துவிட்டால் சில நாள்கள் ஓட்டிவிடலாம். காரணங்களைப் பிறகு பேசலாம்.

லெப்பர்டு கெக்கோவை முன்பின் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளில் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் வறண்ட நிலம்தான் இதன் சொந்த ஊர். 1854-ல் எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், அதனால் 'சிறுத்தை'. நம் வீட்டுப் பல்லியைப் போல இதனால் சுவரில் ஏற முடியாது, விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். கொழுப்பை வாலில் சேமித்துவைக்கும், கொழுத்த வால் இருந்தால் ஆரோக்கியம் என்று பொருள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடங்கள் வாழும். பத்து வயதில் வாங்கிய குழந்தைக்குக் கல்யாணம் ஆகும்வரை கூடவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் பொய் சொன்னாரா?

அவசியம் அப்படிச் சொல்ல முடியாது. முட்டையிலிருந்து வரும்போது இந்தக் குட்டி வெறும் 3 கிராம் இருக்கும். அந்த வயதில் ஆணா பெண்ணா என்று வெறும் கண்ணால் சொல்வது மிகக் கடினம். சில மாதங்கள் போய், உடம்பு வளர்ந்த பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். பின்னங்கால்களுக்கு நடுவே, கழிவுத் துவாரத்துக்குச் சற்று மேலே, தலைகீழ் 'V' வடிவத்தில் வரிசையாக மெழுகு அடைத்த துளைகள் தெளிவாகத் தெரிந்தால், துவாரத்துக்குக் கீழே வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்புகளும் இருந்தால், அது ஆண். பெண்ணுக்கும் அந்த இடத்தில் மங்கலான குழிகள் இருக்கலாம். ஆனால், புடைப்பு இருக்காது.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. லெப்பர்டு கெக்கோவில் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த இடத்தின் சூடு தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸில் அடைவைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். இன்னும் ஏற்றி 34, 35 டிகிரிக்குப் போனால் திரும்பவும் பெரும்பாலும் பெண்! டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரூஸ் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் பல வருடங்கள் இந்தப் பல்லிகளை வைத்தே இதை ஆராய்ந்தார்கள். நம் வாசகி இருக்கும் அதே மாநிலம்தான். பெண்ணாகவே பிறந்தாலும், 32.5 டிகிரியில் வளர்ந்த முட்டையிலிருந்து வந்தவை 26 டிகிரியில் வந்தவற்றைவிட முரட்டுத்தனமாக நடந்துகொள்வதையும் அவர்கள் கண்டார்கள்.

ஆகவே, 'குறைந்த சூட்டில் அடைவைத்தோம், பெண்தான்' என்று விற்பவர் சொன்னால் அது நல்ல ஊகம். ஊகம் மட்டுமே. அதை நம்பி இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்கியவர்கள், ஆறு மாதம் ஆனதும் ஒருமுறை அடியிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

பத்து மாதம் சும்மா இருந்தது, இப்போது என்ன வந்தது?

வயது வந்தது. லெப்பர்டு கெக்கோ ஏறக்குறைய ஒரு வருடத்தில் பருவத்துக்கு வருகிறது. ஆண் அதற்கு முன்பே தயாராகிவிடலாம். பெண்ணும் முட்டை உருவாக்கத் தொடங்கிவிடும். ஆனால், அதன் உடம்பு வளர்ந்து முடிந்திருக்காது. சிக்கலே இங்கேதான். அனுபவம் உள்ள வளர்ப்பாளர்கள், பெண்ணுக்கு ஒரு வயது தாண்டி, எடையும் 50 கிராமுக்கு மேல் வந்த பிறகே இணை சேர்க்கிறார்கள். ஒன்றரை வயதுவரை காத்திருப்பவர்களும் உண்டு. ஒரே தொட்டியில் ஆணோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மிளகு வாலை ஆட்டியது விளையாட்டு இல்லை. ஆண் கெக்கோ, பெண்ணைக் கண்டால் வால் நுனியை மிக வேகமாக அதிரவைக்கும். அடுத்து வாலையோ முதுகையோ கழுத்தையோ பற்களால் பிடிக்கும். இணைசேரும் முறையே அப்படித்தான். காட்டில் என்றால் விருப்பம் இல்லாத பெண் ஓடிப் போய்விடும். மூன்றடித் தொட்டியில் எங்கே ஓடுவது? நாள் முழுக்கத் துரத்தல், இரவு முழுக்கத் துரத்தல். பெண் சாப்பிடுவதைக் குறைக்கும், சூடான இடத்துக்கு வரவே தயங்கும், வால் மெலியும். நிலைமை மோசமானால் வாலையே உதறிவிடும். புது வால் முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது. முள்ளங்கி மாதிரி உருண்டையாக இருக்கும். வாலில் இருந்த கொழுப்புச் சேமிப்பு மொத்தமும் போய்விடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

தோல் உரிக்கும் நாள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்பதை இந்தப் பல்லிகள் தோலில் இருக்கும் ரசாயன வாசனையை வைத்தே தெரிந்துகொள்கின்றன. தோல் உரித்துக்கொண்டிருக்கும் பெண்ணை, ஆண் கெக்கோக்கள் இன்னோர் ஆணைத் தாக்குவதுபோலத் தாக்கியதை 1990-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. உரித்து முடித்ததும் அதே பெண்ணிடம் வாலை ஆட்டிக்கொண்டு வந்தனவாம். நேற்றுவரை பழகிய ஜோடி, ஒரே ராத்திரியில் ரத்தக் காயத்தோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கியதே, அது? பாட்டிக்கு அனுப்பிய அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பல்லிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். தொட்டியில் கதகதப்பான மூலை ஒன்றே ஒன்று என்றால் இரண்டும் அங்கேதான் வந்தாக வேண்டும். மேலே படுத்திருப்பது நல்ல இடத்தைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டில் ஒன்று வேகமாக வளர்ந்து, இன்னொன்று சிறியதாகவே இருந்தால், பெரியது தீனியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம். மாங்கா எத்தனை கிராம், மிளகு எத்தனை கிராம் என்று வாசகி எழுதவில்லை. சமையலறை டிஜிட்டல் தராசிலேயே பார்த்துவிடலாம். வாரம் ஒருமுறை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தாகிவிட்டது. முடிந்ததா?

இல்லை. மாங்காவின் வயிற்றைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பல்லி இனத்தில் பெண், ஆணின் விந்தணுக்களை உடம்புக்குள் சேமித்துவைத்துக்கொள்ளும். ஒரே ஒருமுறை இணைசேர்ந்திருந்தாலும், அந்தப் பருவம் முழுக்க அடுத்தடுத்துக் கருவுற்ற முட்டைகளை இட முடியும். எனவே, தனித் தொட்டிக்குப் போய் இரண்டு மாதம் கழித்து முட்டை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை. ஒரு பருவத்தில் நான்கு முதல் எட்டு தடவைகூட இடலாம். உச்சமாக 16 முட்டை! நம் வீட்டில் பரணிலும் போட்டோ சட்டத்தின் பின்னாலும் கிடைக்குமே, அதுபோல ஓடு கடினமாக இருக்காது. தோல் மாதிரி மெத்தென்று இருக்கும்.

ஐம்பது, அறுபது கிராம் உடம்பிலிருந்து இத்தனை முட்டைக்கும் கால்சியம் போக வேண்டும். சாப்பாட்டில் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பு வளையும், கால் நடுங்கும், தாடை மென்மையாகிவிடும். தசைக்கு வலு இல்லாமல் முட்டை உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. அது உயிருக்கு ஆபத்து. வளர்ந்து முடியாத பெண்ணைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துவது இதற்காகத்தான்.

கருவுற்றிருந்தால் வயிற்றுத் தோல் வழியாக இரண்டு நீளுருண்டை வடிவங்கள் வெளிறித் தெரியும். மாங்காவைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டாம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். தீனி குறையலாம், மண்ணைத் தோண்டத் தொடங்கலாம். மூடியில் ஒரு துளை வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவில், ஈரமாக்கிப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை நான்கு விரல் உயரத்துக்கு நிரப்பி உள்ளே வையுங்கள். முட்டையிட ஈரமான இடம் கிடைக்காத பெண், முட்டையை அடக்கிவைத்துக்கொள்ளப் பார்க்கும். தீனிப் பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள், தனியாக ஒரு சின்ன மூடியிலும் பொடி வையுங்கள். கால்சியத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி3 வேண்டும். அது அதற்கான பொடியிலோ, யு.வி.பி விளக்கிலோ கிடைக்கும். எவ்வளவு என்பதை ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டி3 அளவு மீறினாலும் கெடுதல்.

நாள்கணக்கில் தோண்டிக்கொண்டே இருந்து முட்டை வரவில்லை, முக்குகிறது, கண் குழிந்துவிட்டது, சோர்ந்து கிடக்கிறது, ஒரு முட்டை வந்து இன்னொன்று வரவில்லை... இதில் எது நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஊசி மருந்தோ, தேவைப்பட்டால் அறுவைசிகிச்சையோ செய்வார்கள். வீட்டில் வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளேயே உடைந்துவிடும்.

மாங்காவின் கழுத்துக் காயத்துக்கு இப்போதைக்கு: தொட்டியில் மணல் இருந்தால் எடுத்துவிட்டு டிஷ்யூ விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். சிவந்து வீங்கினாலோ சீழ் தெரிந்தாலோ மருத்துவர்.

மிளகுக்கும் கொஞ்சம் கவனிப்பு தேவை. பக்கத்துத் தொட்டியில் பெண் இருப்பது கண்ணில் பட்டால், சில ஆண்கள் தீனியை மறந்து கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு அட்டையை நிறுத்தினால் பாதிப் பிரச்னை தீரும். ஒன்றைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு மற்றதைத் தொடுங்கள். இன்னொரு விஷயம், 'மிளகுக்குத் துணையாக ஒரு ஆண் வாங்கலாமா' என்று யாராவது கிளம்புவார்கள். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் முடிவு நிச்சயம் சண்டைதான். ட்யூப் லைட் பக்கத்தில் இரண்டு பல்லி ஒன்றையொன்று துரத்தி, ஒன்று பொத்தென்று கீழே விழுவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா? அங்கே தோற்றது ஜன்னல் வழியாகப் போய்விடும். தொட்டிக்கு ஜன்னல் இல்லை. இரண்டு பெண்களும் சில வீடுகளில் ஒன்றாக இருக்கின்றன, ஆனால் அங்கும் ஒன்று மற்றதை அடக்கிவைப்பது நடக்கிறது. இட வசதியும் தினசரிக் கண்காணிப்பும் இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வேறு வகை கெக்கோ வளர்ப்பவர்களுக்கும் இரண்டு வரி. நியூ கலிடோனியா தீவின் கிரெஸ்டட் கெக்கோ, அழிந்தே போய்விட்டது என்று நினைத்து 1994-ல் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்ட இனம். இன்று வெளிநாடுகளில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதிலும் பெண் விந்தணுவைச் சேமிக்கும், ஆணோடு வைத்தால் மாதக்கணக்கில் முட்டையிட்டே ஓய்ந்துபோகும். அதன் வால் ஒருமுறை விழுந்தால் திரும்ப முளைக்காது. மோர்னிங் கெக்கோ என்று ஒன்று இருக்கிறது, அதில் ஏறக்குறைய எல்லாமே பெண்தான். ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அவற்றைக் கூட்டமாகவே வளர்க்கிறார்கள். அந்தக் கதையை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

நம்மூர் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுக் காட்டிலோ மலையிலோ பல்லி பிடிக்கக் கிளம்ப வேண்டாம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு இனம் என்று யாராவது விற்க வந்தாலும், வனத்துறையிடம் கேட்டுத் தெளிவாகாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மகளிடம் என்ன சொல்வது?

வாசகிக்கு இதுதான் பெரிய கவலை என்று அவர் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு 'மாங்காவுக்கு வலிக்கிறது, ஓட இடமில்லை' என்பது புரியும். கழுத்துக் காயத்தை அவளே பார்த்திருக்கிறாள். லெப்பர்டு கெக்கோ தனியாக இருந்தால் ஏங்குகிற பிராணி இல்லை என்பதையும் சொல்லுங்கள். தனக்கென்று ஒரு கதகதப்பான மூலை, ஒரு குளிர்ந்த மூலை, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று இடங்கள், மாலையானால் பூச்சி. இவ்வளவு இருந்தால் அது பாட்டுக்கு இருக்கும். சொன்னால் நம்பமாட்டாள் என்றால், மாங்காவின் எடையை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுதும் வேலையை அவளிடமே கொடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் அந்த நோட்டே அவளுக்குச் சொல்லிவிடும். முட்டை சுமந்திருந்தால் எடை ஏறி இறங்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முட்டை வந்தால் என்ன செய்வது என்பதை, வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். மிளகும் மாங்காவும் ஒரே நேரத்தில் ஒரே கடையில் வாங்கியவை, அண்ணன் தங்கையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பருவத்தில் பத்துப் பதினைந்து குட்டி வந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி, தனிச் சூடு, தனித் தீனி, 15 வருட வாழ்க்கை. அத்தனைக்கும் நல்ல வீடு கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குட்டிகள் வேண்டாம் என்று முடிவெடுக்கும் பலர், முட்டை இட்ட அன்றே, கரு வளரும் முன், அதை எடுத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறார்கள். கேட்கும்போது மனசு சங்கடப்படும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். நாள் தள்ளிப்போனால் அந்த முடிவு இன்னும் கடினமாகிவிடும்.

இல்லை, ஒரு ஜோடியையாவது பொரிக்கவைக்கலாம் என்று வீட்டில் தீர்மானித்தால், முட்டையை எடுக்கும் முன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். கோழி முட்டை மாதிரி இதைப் புரட்டக் கூடாது. ஒரு நாள் கழிந்தபின் புரட்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடலாம். புள்ளி மேலேயே இருக்கும்படி ஈரமான தூளில் பாதி புதைத்து, தெர்மோஸ்டாட் பொருத்திய இன்குபேட்டரில் வைத்தால், சூட்டைப் பொறுத்து ஒன்றரை மாதமோ மூன்று மாதமோ ஆகும். 26 டிகிரிக்கு வைத்தால் நேரம் அதிகம், குட்டிகள் பெரும்பாலும் பெண். ஒவ்வொன்றையும் முதல் நாளிலிருந்தே தனித்தனி டப்பாவில் விடுங்கள், வாசகியே.